டிபன் டப்பாவும் பம்பாய் ஹையும்

நாவலூரில் எங்கள் ரூமில் மூன்று பேர். சண்டை வருவது ஒரே விஷயத்துக்குத்தான். பிளாஸ்டிக் டிபன் டப்பாவை யார் கழுவுவது? எவர்சில்வர் என்றால் பிரச்னையே இல்லை. சோப்பைக் காட்டினால் வத்தக்குழம்பு எண்ணெய் கழன்று ஓடிவிடும். பிளாஸ்டிக்கை மூன்று தரம் தேய்த்தாலும் விரல் வழுக்கும். 'ஏன்டா, நேத்து நீ கழுவின லட்சணமா இது?' என்று ஆரம்பித்துவிடும்.

பாவம், கழுவினவன் மேல் தப்பில்லை. சுவருக்கு யாரைப் பிடிக்கும் என்பதுதான் விஷயம். எவர்சில்வருக்குத் தண்ணீரோடு கொஞ்சம் சிநேகம் உண்டு. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் நுழைந்து அதை உருட்டித் தள்ளிவிடும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. எண்ணெயோடுதான் ஒட்டுறவு.

டப்பாவில் இது வெறும் தொல்லை. தலைமுடி கனமே உள்ள வாய்க்காலில் இதுதான் சட்டம். புவியீர்ப்பெல்லாம் அங்கே அநேகமாக எடுபடாது. அப்படி ஒரு வாய்க்காலின் முச்சந்தியில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எண்ணெய் விடுகிறார்கள். கண்ணாடிச் சுவர் என்றால் தண்ணீர் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் நடுவில் முத்து முத்தாகப் போகும். சிலிக்கோன் ரப்பர் என்றால் தலைகீழ். எண்ணெய்க்குள் தண்ணீர் முத்துக்கள். அதே திரவம், அதே பம்ப்! அந்த ரப்பரைப் பிளாஸ்மாவில் காட்டித் தண்ணீரோடு பழக வைக்கலாம். ஆனால் சில நாளில் பழைய குணம் வந்துவிடும். (ரூம்மேட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) ஒவ்வொரு தண்ணீர் முத்தும் ஒரு குட்டி டெஸ்ட் ட்யூப். மரபணுப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் உபயோகிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த வாய்க்கால் ஆராய்ச்சி உண்டு.

அப்புறம் பெட்ரோல். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரித் தளும்புகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை சார், பாறையின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது. 1974-ல் கண்டுபிடித்த பம்பாய் ஹையில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. கடல்நீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். பாறை தண்ணீர்க் கட்சியாக இருந்தால் தண்ணீர் ஓரமாகப் பரவி எண்ணெயை நகர்த்தும். எண்ணெய்க் கட்சி என்றால் போச்சு. எண்ணெய் சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் நடுவில் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி நிற்காமல் கிணற்றுக்கு வந்துவிடும். உலகத்தில் சுண்ணாம்புப் பாறைகள் பல இந்த இரண்டாவது ரகம்தான். சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வெளியே வந்தாலே பெரிது. நாமோ தேவையில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். அதனால்தான் உப்பைக் குறைத்த தண்ணீர், சோப்பு மாதிரி ரசாயனம் என்று எதையாவது விட்டு, பாறையைக் கட்சி மாறச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ரூமில் புது ஏற்பாடு: முதலில் பழைய பேப்பரால் துடைப்பது, அப்புறம் சோப்பு. பேப்பர் எண்ணெயை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. யார் துடைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.