இருபதடி தள்ளி நின்று எடுக்கும் படம்

ஒரே கேமரா, ஒரே லென்ஸ், கருப்பு வெள்ளை மட்டும். தெருப் புகைப்படம் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் கட்டுப்பாடு இதுதான். வசதிகள் குறைந்தால் பார்வை கூர்மையாகும் என்கிறார்கள். சரிதான். ஆனால் கோவையில் ஞாயிறு காலை உக்கடத்திலும் ஒப்பணக்காரத் தெருவிலும் எடுக்கப்படும் படங்களைப் பாருங்கள். எதிர்வெயிலில் துடைப்பத்தோடு ஒரு தூய்மைப் பணியாளர், வெறும் நிழலுருவமாக. அழகாக இருக்கும், லைக்கும் விழும். முகம்தான் இருக்காது.

கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். பின்னால் வெயில் பட்ட வெள்ளைச் சுவர் இருந்தால் கருத்த முகம் மையாகிவிடும். ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் முகம் தெளியும், சுவர் வெளிறிப்போகும். சுவரா, முகமா? இது வெறும் அழகியல் கேள்வி என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நியூயார்க்கின் ஹார்லெமில் கருப்பின மக்களைப் படமெடுத்த ராய் டிகராவா ஃபிளாஷை ஒதுக்கினார். கிடைத்த வெளிச்சம் போதும் என்றார். பிரிண்டை வெளுக்கவிடாமல், அடர்ந்த சாம்பலுக்குள்ளேயே முகங்களைத் துலங்க வைத்தார். லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் அவை புத்தகமாயின. இருட்டு அவருக்குக் குறையாக இல்லை, பாணியானது.

நம் நாட்டில் சுதாரக் ஓல்வே. பெரும்பாலும் தலித்துகளான மும்பை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களை ஆண்டுக்கணக்கில் கருப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். குப்பைமேட்டை வண்ணத்தில் எடுத்தால் கண் முதலில் பிளாஸ்டிக்கின் நீலத்துக்கும் சிவப்புக்கும்தான் ஓடும். வண்ணத்தை எடுத்துவிட்டால் மனிதர் முன்னால் வருகிறார். ஓல்வே வேலையிடத்தோடு நிற்கவில்லை, அவர்கள் வீடுகளுக்கும் போனார்.

லென்ஸுக்கு வருவோம். 35 எம்எம் லென்ஸில் ஒருவரைத் தலையும் தோளுமாக எடுக்க மூன்றடி வரை கிட்டே போக வேண்டும். 200 எம்எம் ஜூமில் அதே படத்தை இருபதடி தள்ளி நின்று, அவருக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைக் கண்ட கொங்கு மண்ணில் தூரம் என்பது வெறும் அளவு இல்லை. மூன்றடிக்குள் போனால் "எதுக்குங்க கண்ணு எடுக்கறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கேமராவை இறக்க வேண்டும். ஒற்றை லென்ஸ் என்ற கட்டுப்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் தோழர்களே, கட்டுப்பாட்டைத் தானே தேர்ந்தெடுப்பதும் ஒரு வசதிதான். கேமராவோடு ஊர்த்தெருவுக்குள் நுழைந்ததுமே "யாரு ஊட்டுப் பையன் நீ?" என்று நிறுத்தப்படும் சேரி இளைஞருக்கு எந்த லென்ஸ் என்பது அப்புறம்தான். அவர் தன் தெருவையே எடுக்கட்டும் என்று அறிவுரை சொல்வது சுலபம். எனக்கு அவர் எடுக்கும் ஊர்த்தெருவைப் பார்க்க வேண்டும். அந்தத் திண்ணைகளை, திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் முகங்களை, அதே மூன்றடியில்.