விடியக்காலம் நாலு மணித் தொண்டை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. சும்மா கிடந்தவனை எழுத வச்சது ஒரு நாலு நிமிஷ வீடியோ.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கு எங்க அம்மா ஊர். பங்குனிப் பொங்கலுக்கு அங்கே ‘வள்ளி திருமணம்’ நாடகம் போட்டாங்க. அதில் வள்ளி வேஷம் கட்டின அம்மாவுக்கு ஒரு இடத்துல, மேலே எட்டிப் பிடிக்கிறப்போ குரல் உடைஞ்சிருச்சு. அந்த இடத்தை மட்டும் எவனோ செல்போன்ல பிடிச்சு, வெட்டி, வாட்ஸப்ல விட்டுட்டான். கூடவே ‘தொண்டை காலி’, ‘வயசான காலத்துல எதுக்கு?’ன்னு ஆளாளுக்குத் தீர்ப்பு.

மாமா விழாக் கமிட்டியில் இருக்கார். போன் வந்துச்சு.

“மாப்ள, நீதான் பாட்டுக் கேக்குற ஆளு. அடுத்த வருசம் வேற ஸ்திரீபார்ட் பேசிருவோமா? பயலுக எல்லாம் கேலி பண்றானுக.”

“முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன் மாமா.”

மைக் செட்காரர் நல்ல மனுஷன். மிக்ஸர்ல இருந்து நேரா பென் டிரைவ்ல பதிஞ்சு வச்சிருந்தார். 6 மணி 40 நிமிஷம். ரெண்டு ராத்திரி உக்காந்து மொத்தத்தையும் கேட்டேன். (வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.) அந்தக் கேள்விக்கு என் பதில்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இதுக்குப் பேரு ஸ்பெஷல் நாடகம். இதுல கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசிக் கூட்டிட்டு வருவாங்க. பாதிப் பேர் மேடைக்குப் பின்னாடி பவுடர் போடும்போதுதான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்பாங்க. அப்படியும் நாடகம் நடக்குதுன்னா அதுக்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர் எழுதி வச்ச பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். அதை அஸ்திவாரமா வச்சுக்கிட்டு மேலே அவங்கவங்க கெட்டிக்காரத்தனம். வெள்ளைக்காரன் ஓபரான்னு கோட்டு சூட்டு போட்டுட்டுப் போய் உக்காந்து கேக்குறானே, நம்ம ஊர்ல அது கோயில் பொட்டல்ல சாக்கு விரிச்சு உக்காந்து கேக்கறது. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

சரி, ரெக்கார்டிங்குக்கு வருவோம்.

முதல்ல குறைகளைச் சொல்லிடறேன். இல்லேன்னா சொந்தக்காரன் மாதிரி வக்காலத்து வாங்குறேன்னு சொல்வீங்க. எக்கோவைக் கன்னாபின்னான்னு வச்சிருக்காங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் முளைக்குது. மிருதங்கம் காதுக்குள்ள அடிக்குது, ஆர்மோனியம் பக்கத்து ஊர்ல இருந்து கேக்குது. நடுவுல வெடிச்சத்தம், குழந்தை அழுகை, ‘நீல நிற டிவிஎஸ் 50 வண்டியை எடுக்கவும்’ அறிவிப்பு, எல்லாம் உண்டு.

அந்தம்மா மேலயும் குறை இருக்கு. 2 மணிக்கு மேல கூட்டம் கலையுதுன்னு சினிமா மெட்டுல நாலு பாட்டு அடுத்தடுத்துப் பாடினது அநியாயம். ஒண்ணு போதும். வேகமா வர்ற இடத்துல கடைசிச் சொல்லை முழுங்கிடறாங்க. நாரதர் பேசி முடிக்குமுன்னே ரெண்டு தடவை குறுக்கே விழுந்தது எனக்குப் பிடிக்கலை. பாவம், அவரு நல்ல கேள்விதான் கேட்டார்.

ஆனா தினைப்புனத்துல குருவி விரட்டற இடம் இருக்கே! ஆலோலம்னு அந்தம்மா இழுத்ததும், அதுவரைக்கும் வளவளன்னு கேட்ட கூட்டச் சத்தம் அடங்கறது ரெக்கார்டிங்லேயே தெரியுது. நாரதர் கூட தர்க்கம் 1 மணி 20 நிமிஷம். யார் என்ன கேப்பாங்கன்னு முன்கூட்டித் தெரியாது. கேள்வி பாட்டுல வந்தா பதிலும் பாட்டுல போகணும், அதே தாளத்துல. ஒரு இடத்துலகூட அவங்க தடுமாறலை.

இப்போ அந்த வீடியோ சமாச்சாரம். பதிவுல அது வர்றது ஏறக்குறைய விடியக்காலம் நாலேகால். முருகன் கிழவனா வந்து தேனும் தினைமாவும் கேக்குற கட்டம். அந்தம்மா மேடை ஏறி நாலு மணி நேரம் ஆச்சு. 5 கட்டையில போய்க்கிட்டிருந்த ஆர்மோனியம், ராஜபார்ட் வந்தப்புறம் அரைக் கட்டை ஏத்திட்டார். ராஜபார்ட்டுக்கு அது சௌகரியம். வள்ளிக்கு? மேல் ஷட்ஜத்துல ஏறி நிக்கப் போனப்போ குரல் பிளந்துருச்சு. ஒரு விநாடி. மறைக்க முடியாத உடைசல்தான், நான் இல்லேன்னு சொல்லலை.

வீடியோ அங்கேயே முடியுது. நாடகம் முடியலையே!

அடுத்து என்ன நடந்துச்சு தெரியுமா? பாட்டை அப்படியே நிறுத்திட்டாங்க. ஆர்மோனியம் இழுத்துக்கிட்டே நிக்குது. அந்தம்மா நிதானமா, “ராத்திரி பூரா குருவி வெரட்டுன தொண்டை கிழவா. நீ வேற வந்து சோறு கேக்குற”ன்னாங்க. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சு, கைதட்டி, விசிலடிச்சு ஓஞ்சப்புறம், அதே விருத்தத்தைக் கீழே இருந்து எடுத்தாங்க. மேலே போகவே இல்லை. அடிக்குரல்ல, மெதுவா, ஒரு களைச்சுப்போன பொண்ணு தனக்குத்தானே பாடிக்கிற மாதிரி. சும்மா இருந்த மிருதங்கக்காரர் நாலாவது வரியிலதான் விரலை வைக்கிறார். ஆறே நிமிஷம். 6 மணி 40 நிமிஷத்துல எனக்கு உசத்தி அந்த ஆறு நிமிஷம்தான்.

நாடகக்காரங்க குரல் ஏன் இப்படி உச்சத்துல நிக்கணும்னு கேட்டா, பழைய காலத்துல மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேக்கணும். மைக் வந்து எத்தனையோ வருஷமாச்சு, கட்டை மட்டும் இறங்கலை. ரசிகனுக்கு அது பழகிப்போச்சு. எட்டினா சபாஷ், எட்டலேன்னா தொண்டை காலி. பாட்டை நாம உசரத்தை வச்சு அளக்கறோம், தென்னை மரம் மாதிரி.

நம்ம ரயில் பாதையிலேயே இருக்கற செங்கோட்டையில இருந்து போன கிட்டப்பாவும், கொடுமுடி சுந்தராம்பாளும் 1920கள்ல இதே வள்ளி திருமணத்துல சேர்ந்து நடிச்சவங்க. கிட்டப்பா 1933-ல, 27 வயசுலேயே போயிட்டார். அவர் குரல் நமக்குக் கிடைச்சிருக்கறது பக்கத்துக்கு ஏதோ மூணு நிமிஷம் ஓடுற பழைய கிராமபோன் தட்டுலதான். விடியக்காலம் நாலு மணிக்கு அவங்க ரெண்டு பேரும் எப்படிச் சமாளிச்சாங்கன்னு அதை வச்சுச் சொல்ல முடியுமா? அந்தக் காலத்து ராத்திரி ஒண்ணு முழுசாக் கிடைச்சா, உடைஞ்ச இடத்தோட சேர்த்தே வாங்க நான் முதல் ஆளா நிப்பேன்.

வெளியூர் உதாரணமும் ஒண்ணு. மரியா காலஸ்னு ஒரு பெரிய சோப்ரானோ பாடகி. 1958 மார்ச்ல லிஸ்பன்ல அவங்க பாடின ‘லா டிராவியாட்டா’ ஓபரா, மேடையில இருந்தே பதிவானது. ஜனங்க இருமற சத்தம் இருக்கு, வசனம் எடுத்துக் குடுக்கறவர் குரல்கூடக் கேக்குது. இதே ஓபராவை 1953-லேயே ஸ்டூடியோவில சுத்தமாப் பாடிப் பதிஞ்சிருக்காங்க. ஆனாலும் லிஸ்பன் பதிவைத் தேடிப் பிடிச்சுக் கேக்குறவங்கதான் ஜாஸ்தி. காசநோய்ல சாகப்போற பொண்ணோட பாட்டு அது. குரல் மெலிஞ்சு நூலாகிற இடத்துலதான் நமக்குத் தொண்டை அடைக்குது.

மாமாவுக்கு காலஸ் கதையெல்லாம் சொன்னா போனை வச்சுடுவார். அதனால அவர் பிறந்த ஊர் கதையையே சொன்னேன். அவர் வில்லிபுத்தூர்க்காரர்.

“மாமா, ஆண்டாள் மாலையில முடி இருந்துச்சுன்னு பெரியாழ்வார் என்ன பண்ணார்?”

“தூக்கி வச்சுட்டு வேற மாலை கட்டிட்டுப் போனார்.”

“பெருமாள் எதைக் கேட்டார்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆண்டாள் சூடின மாலை இன்னைக்கும் திருப்பதிக்கும் அழகர்கோயில் கள்ளழகருக்கும் போகுது. அது அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

“சரி மாப்ள, அந்தப் பென் டிரைவைக் குடுத்து விடு. கமிட்டியில முழுசாப் போட்டுக் காட்டுவோம்”னார்.

“முழுசா வேணாம் மாமா, யாரும் உக்கார மாட்டாங்க. வீடியோ முடியற இடத்துல இருந்து ஆறு நிமிஷம் மட்டும் போடுங்க.”

கமிட்டி என்ன முடிவெடுக்கும்னு தெரியலை. இது விளையாட்டு விஷயமும் இல்லை. சீசனுக்கு இத்தனை ராத்திரின்னு எண்ணி வாழறவங்களுக்கு ஒரு ஊர் கைவிட்டா, அந்தப் பேச்சு அடுத்த ஊருக்கும் போகும். நாலு நிமிஷத்தைப் பார்த்து ஒருத்தர் பொழப்புல கை வைக்கிறவங்க, அதுக்கு அடுத்த ஆறு நிமிஷத்தையும் கேட்டுட்டுச் செய்யட்டும். நான் கேக்குறது அவ்வளவுதான்.

பி.கு: பென் டிரைவை எடுத்துட்டு நேர்லயே போனேன். மாமா கால் கிலோ பால்கோவா குடுத்து அனுப்பினார். இது லஞ்சத்துல சேராதுன்னு நம்பறேன் :-)