வெளிக்கு விலை பேசுவோர்



ஞாயிற்றுக்கிழமை நாளேட்டை விரித்தால், செய்திக்கு முன்னே வந்து நிற்கிறது வீட்டு விளம்பரம். முழுப் பக்கம்; வண்ணப் படம். படத்தில் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! பசும்புல் தரை இருக்கிறது. நிழல் மரம் இருக்கிறது. ஊஞ்சலாடும் குழந்தை இருக்கிறது. கைத்தடி ஊன்றிக் காலாற நடக்கும் முதியவர் இருக்கிறார். கட்டடமோ தொலைவில், ஒரு மூலையில். விற்பது செங்கல்லும் சிமெண்டும். காட்டுவது காற்றும் நிழலும். நகரத்து மக்கள் எதற்கு ஏங்கிக் கிடக்கிறார்கள் என்பது மனை வணிகருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே வணிகரிடம், "பத்தில் ஒரு பங்கு வெளியைப் பொதுமக்களுக்கு விடுக" என்று சட்டம் கேட்கட்டும். முகம் கறுக்கிறது; குரல் மாறுகிறது. "கட்டுப்படியாகாது" என்கிறார். "சொத்துரிமை என்னாவது?" என்கிறார். "வெற்று நிலம் வீண் நிலம்" என்கிறார். விற்கும்போது வெல்லமாய் இனித்த வெளி, விடும்போது வேம்பாய்க் கசக்கிறது!

இந்த இரட்டை நாக்குக்கு நமது விதிகளும் எப்படி இடம் கொடுக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவே இன்று உங்களை அழைக்கிறேன்.

சட்டம் கேட்பது என்ன? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இது: நிலம் 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதாயின், பொதுவெளி ஏதும் விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையாயின், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலம் விட வேண்டும். விட இயலாதென்றால் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்டால், நிலமாகவே விட வேண்டும், பணம் ஏற்கப்படாது. அந்த நிலம் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சியின் உடைமையாகிவிடும்.

"விலை கொடாமல் நிலம் கேட்பது முறையா?" என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னைப் பெருநகரின் இந்த 10 விழுக்காட்டு விதி செல்லும் என்று 2023ஆம் ஆண்டில் அந்த மன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னே, 1991ஆம் ஆண்டில், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தாரை வார்த்தபோது, அப்பகுதி மக்கள் வழக்காடினார்கள். முதலமைச்சரின் விருப்பமே ஆனாலும் பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது என்று அதே மன்றம் உறுதி செய்தது. ஆகவே, உரிமை உண்டா என்ற கேள்வி முடிந்துவிட்டது. உரிமை உண்டு! ஆனால், உண்டு என்று எழுதிவிட்டு, ஒழுகிப்போக மூன்று ஓட்டைகளையும் விட்டிருக்கிறார்களே, அவற்றைப் பாருங்கள்.

முதல் ஓட்டை பணம். 9,000 சதுர மீட்டர் நிலத்தில் வீடு கட்டுவோர், பொதுவெளிக்கு ஈடாகக் காசோலையை நீட்டிவிட்டுக் கைகழுவலாம். காசோலை கருவூலம் போய்ச் சேரும். குழந்தை எங்கே போய்ச் சேரும்? கட்டடம் நிறைந்துவிட்ட பகுதியில் எத்தனை கோடி வைத்துக்கொண்டு அலைந்தாலும், அந்தத் தெருப் பிள்ளை ஓடி விளையாட அந்தத் தெருவில் ஒரு துண்டு மண் கிடைக்குமா? ஊருக்கு வெளியே வாங்கிய நிலம் ஊருக்குள் நிழல் தருமா? அதுவும் வழிகாட்டி மதிப்பு! வீட்டை விற்பது சந்தை விலைக்கு. வெளியை விழுங்குவது அரசு குறித்த விலைக்கு! இன்னும் ஒன்று: 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டால் ஏதும் வேண்டாம் என்றால், நிலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி வைப்போருக்கு அது அழைப்போலை அல்லவா?

இரண்டாவது ஓட்டை கணக்கு. விதி மண்ணை அளக்கிறது, மனிதரை எண்ணவில்லை. அதே 9,000 சதுர மீட்டரை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு 2,000 போனால், மீதி 7,000; பொதுவெளி 700. தளப்பரப்புக் குறியீடு 2 என்றால், வீடொன்றுக்கு 90 சதுர மீட்டர் வீதம் 200 வீடுகள். குடும்பத்துக்கு நால்வர் என்று வைத்தால் 800 பேர். தலைக்கு ஒரு சதுர மீட்டரும் தேறவில்லை. முன்பு 1.5 ஆக இருந்த பொதுக் குறியீட்டை 2 ஆக உயர்த்தியதும், அகலச் சாலையோரத்துப் பல்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 வரை வழங்கியதும் இதே 2019 விதிகள்தாம். 3.25 என்று வைத்தால் அதே மண்ணில் 325 வீடுகள், 1,300 பேர். பொதுவெளியோ, அதே 700! தலைக்கு அரைச் சதுர மீட்டர். ஒரு பாயை விரித்துப் படுக்கவும் அந்த இடம் போதாது!

மாடி ஏறுகிறது, விலை ஏறுகிறது, ஆள் கூடுகிறார்கள். வெளி மட்டும் வளரவில்லை. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரமைப்பு வழிகாட்டு நெறிகள், ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. அது நகரம் முழுமைக்கும் சேர்த்துச் சொன்ன அளவு என்றே கொள்வோம். வீட்டு வாசலில் அரை மீட்டர் விட்டுவிட்டு, மீதி ஒன்பதரையை எந்தத் திசையில் போய்த் தேடுவது?

மூன்றாவது ஓட்டை மதில். நிலம் விடப்பட்டிருக்கிறது, பத்திரமும் பதிவாகியிருக்கிறது. ஆனால், சுற்றிலும் மதில், வாயிலில் காவலாளி. "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார். பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று எவர் சொல்ல முடியும்? ஊராருக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில் ஊரார் கால்வைக்க இயலவில்லை. இப்படி வளைத்துக்கொண்ட நிலங்களைச் சென்னை மாநகராட்சி ஆள்விட்டு மீட்க வேண்டியதாகவும் இருந்திருக்கிறது.

தோழரே, மதில் என்பது இந்நாட்டில் வெறும் கல் அன்று. ஊர்ப் பொதுக் கிணறு, ஊர்ப் பொதுக் குளம் என்று வாயாரச் சொல்லிவிட்டு, உழைக்கும் மக்களில் ஒரு பகுதியினரை அதன் கரையிலும் நிற்கவிடாத நாடு இது. பொதுச் சாலையும் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சேரியையும் ஊரையும் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை உடைத்து வழி திறக்க 2008ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே சாதி எழுப்பிய சுவரை, இங்கே பணம் எழுப்புகிறது. "பாதுகாப்பு" என்று பெயர் சூட்டிவிட்டால் சுவரின் குணம் மாறிவிடுமா?

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். நடந்த காரியம்! நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த 1920களில், 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பனகல் பூங்காவை எங்கே வைத்தார்கள்? எவருக்கும் வேண்டாத கோடியிலா? மதிலுக்குப் பின்னாலா? நட்ட நடுவில் வைத்தார்கள். சாலைகளைக் கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். நூறாண்டு ஆன பின்னும், சுற்றிலும் கடைவீதி கொதிக்கும்போது, களைத்தவருக்கு ஒதுங்க அது இடம் தருகிறது.

கடல் கடந்தும் பாருங்கள். முதல் உலகப் போரில் நொந்த வியன்னா நகரத்தை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சியினர், 1923ஆம் ஆண்டில் வீட்டு வரி விதித்தார்கள். மாளிகைக்கு மிகுதி, குடிசைக்குக் குறைவு என்று ஏறுமுகமான வரி. அந்தப் பணத்தைக் கொண்டு பத்தாண்டு காலத்தில் 60,000க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளர்க்குக் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று, 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. 1,382 வீடுகள், ஏறத்தாழ 5,000 பேர், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 1,56,000 சதுர மீட்டர் நிலத்தில் கட்டடம் ஏறியது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! மீதியெல்லாம் முற்றம், தோட்டம், நடைவழி. கட்டடம் ஏறாத வெளி, தலைக்கு ஏறத்தாழ 25 சதுர மீட்டர். குழந்தைகள் பள்ளி, நூலகம், குளியலறைகள், சலவைக் கூடம் எல்லாம் உள்ளேயே. இரயில் நிலையத்திலிருந்து வரும் ஊர்மக்கள் ஊடே நடந்து போகப் பெரிய வளைவு வாயில்களும் வைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் செல்வர்களா? கூலிக்கு உழைத்தவர்கள்! அந்த வீடுகள் எதிரிகளின் கண்ணை எவ்வளவு உறுத்தின என்றால், 1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவற்றின்மீது பீரங்கி கொண்டு சுட்டார்கள்.

இங்கோ, ஏழைக்கு அரசே கட்டிக்கொடுக்கும் வீடுகளின் நிலை என்ன? சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்த மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குவித்தார்கள். முன்னதில் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பின்னதில் எட்டடுக்கு வரிசைகளாக அதனினும் மிகுதி. கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடியையும் எட்டாதவை. அந்த ஓர் அறைக்குள் ஐந்து பேர் இருந்தால், பிள்ளை படிப்பது எங்கே, கிழவி இளைப்பாறுவது எங்கே, கூடிப் பேசுவது எங்கே? வீடு சிறுக்கச் சிறுக்க, வெளி பெருக வேண்டும் என்பதல்லவா நீதி? கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட்ட இடைவெளியே பிள்ளைகளின் ஆடுகளம் என்றாகிவிட்ட பின், வணிகரைக் கேள்வி கேட்க அரசுக்கு வாய் ஏது?

"வெளி விட்டால் வீட்டு விலை ஏறும், ஏழைதான் தாங்க வேண்டும்" என்று ஏழைக்காகக் கண்ணீர் வடிப்போர் உண்டு. குறியீட்டை உயர்த்தி மாடிமேல் மாடி கட்ட விட்டார்களே, அப்போது விற்க வந்த கூடுதல் வீடுகளின் ஆதாயம் ஏழையின் மடியிலா விழுந்தது? கூடுதல் மாடியைக் கொடுத்தது அரசு; அதில் ஒரு பங்கை வெளியாகத் திருப்பிக் கேட்க அரசுக்கு உரிமை இல்லையா?

எனவே, நாம் கேட்பது தெளிவானது. பொதுவெளிக்குப் பணம் பெறும் வழியை அடைக்க வேண்டும். சிறு நிலங்களாயின் பக்கத்து நிலங்களோடு சேர்த்து ஒரு பொதுத் திடல் காண விதி செய்ய வேண்டும். நிலக் கணக்கோடு ஆள் கணக்கும் சேர வேண்டும். மாடி ஏறினால் வெளியும் ஏற வேண்டும். பொதுவெளி நடுநாயகமாக, பொதுச் சாலையைத் தொட்டு, மதிலின்றி இருக்க வேண்டும். அதன் பரப்பும் பத்திர எண்ணும் பலகையில் எழுதி வாயிலில் நாட்டப்பட வேண்டும். இவற்றையெல்லாம் அரசு முதலில் தான் கட்டும் ஏழையர் குடியிருப்பில் செய்து காட்ட வேண்டும்.

மன்றத்தில் பேசுவோர் பேசட்டும். உங்களுக்கும் வேலை இருக்கிறது, தோழரே! உங்கள் வட்டத்தில் எழுந்துள்ள பெருங்குடியிருப்பு ஒவ்வொன்றின் ஒப்புதல் வரைபடத்தையும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் உங்கள் கையில் இருக்கிறது. தானப் பத்திரம் எங்கே, நிலம் எங்கே, வழி எங்கே என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விடை கிடைத்ததும், உங்கள் தெருப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வாயிலுக்குச் செல்லுங்கள். காவலாளி "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பார். "எங்கள் நிலத்தை" என்று சொல்லுங்கள்!