பெஞ்ச் இல்லாத பார்க்

போன மாதம் சென்னைக்குப் போயிருந்தபோது தங்கை மகன் என்னைத் தரமணிக்குக் கூட்டிப்போய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவைக் காட்டினான். "பாருங்க மாமா, 12 லட்சம் சதுர அடி" என்றான். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'பார்க்' என்றால் மரமும், மரத்தடியில் பெஞ்சும். நம் பாரதி பூங்கா மாதிரி. இங்கே உட்கார ஒரு பெஞ்சும் என் கண்ணில் படவில்லை.

அந்த இடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2010-இல் தொடங்கியபோதே ஒரு நல்ல விதி வைத்தார்கள். அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஏதர் ஸ்கூட்டரும், 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்ட அக்னிகுல்லும் ஐ.ஐ.டி. நிழலில் வளர்ந்தவைதான். சந்தோஷம்.

என் சண்டை வேறு. இதைப் பார்த்துவிட்டு எல்லாத் துணைவேந்தர்களுக்கும் ஒரு பார்க் வேண்டியிருக்கிறது. மேடை ஏறினால் எத்தனை ஸ்டார்ட்-அப், எத்தனை காப்புரிமை என்றுதான் பேச்சு. ஐ.ஐ.டி.யே வருடத்துக்கு 100 ஸ்டார்ட்-அப், நாளுக்கு ஒரு காப்புரிமை என்று இலக்கு வைத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

இலக்கு என்றால் என்னவென்று குமாஸ்தாவைக் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாதாமாதம் மரக்கன்று ஸ்டேட்மெண்ட் அனுப்புவோம். நட்ட கன்று எத்தனை என்பதற்கு ஒரு காலம் உண்டு. பிழைத்தது எத்தனை என்பதற்குக் காலமே கிடையாது. பல வருடம் அதை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். கணக்குப்படி பார்த்தால் புதுச்சேரி இந்நேரம் காடாகியிருக்க வேண்டும்.

இந்தப் பார்க் யோசனைக்கு மூலம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, 1951. அந்தப் பல்கலைக்கழகத்திடம் விற்கக் கூடாத நிலம் ஏராளமாக இருந்தது, குத்தகைக்கு விட்டார்கள். ஆனால் குத்தகைக்கு வந்தவர்கள் நிலத்துக்காக மட்டும் வரவில்லை. உள்ளே ஆய்வுக்கூடமும் ஆளும் இருந்ததால் வந்தார்கள். இங்கே ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பூஜை போடுகிறார்கள்.

தரமணியிலிருந்து சேப்பாக்கம் எவ்வளவு தூரம்? 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் நாற்காலி காலியானது. அடுத்த வருடம் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்க, சம்பளத்துக்கே திண்டாட்டம். இதே பல்கலைக்கழகம்தான் 1913-இல், துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. (எங்கள் ஜாதிக்காரர் என்று சொல்லிக்கொள்வேன். குமாஸ்தா ஜாதி!) பதிலுக்குக் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. உங்கள் கணிதத்தை எந்தக் கம்பெனி வாங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கிரந்த எழுத்து ஓலைச்சுவடி படிப்பாள். நம் ஊர் பிரெஞ்சு நிறுவனத்தின் சைவச் சுவடிகளுக்கு யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இவள் டாக்டர் பட்டம் வாங்கியும் மணிக்கணக்குச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளர். ஒரு பல்கலைக்கழகத்தில், பெயர் வேண்டாம், ஆய்வு உதவிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். அதில் 14-ஆவது காலம்: 'இந்த ஆய்வின் வணிகப் பயன்'.

"என்ன எழுதட்டும் தாத்தா?" என்று கேட்டாள்.

காலத்தைக் காலியாக விட்டால் ஃபைல் திரும்பி வரும், எனக்குத் தெரியும். "'இல்லை' என்று எழுதும்மா, கையெழுத்து நன்றாக இருக்கட்டும்" என்றேன். அப்படியே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். நான்கு மாதம் ஆகிறது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் நானும் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.