கட்டுத்தரைக் கூரை மேல் நார்த்தூள் போடலாமா?

கேள்வி: எங்கள் கட்டுத்தரை சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரை வெயிலில் இரண்டு சீமை மாடுகளும் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்குகின்றன. பாலும் குறைந்துவிட்டது. பக்கத்து மஞ்சி மில்லில் நார்த்தூள் மலிவாகக் கிடைக்கிறது. ஷீட் மேல் அரையடிக்குப் பரப்பித் தினமும் தண்ணீர் தெளித்தால் குளுகுளுவென இருக்கும் என்கிறார் பங்காளி. செய்யலாமா?
- கிணத்துக்கடவு வட்டார வாசகர்

பதில்: வேண்டாம். வண்டிக்குச் சொல்லியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

காய்ந்த நார்த்தூள் தன் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். பத்துக்குப் பத்து அடிக் கூரையில் அரையடி கனத்துக்குப் பரப்பினால் காய்ந்த நிலையிலேயே 100 கிலோவுக்கு மேல் வரும். ஒரு கோடை மழையில் ஊறினால் 600 கிலோவைத் தாண்டிவிடும். ஷீட் உடைந்தால் அடியில் மாடுதான் நிற்கும். பால் கறக்கும் நேரமென்றால் வீட்டம்மாவும் இருப்பார்.

பங்காளி சொன்னதில் பாதி உண்மை. நார் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் தடுப்பது நார் அல்ல, நாருக்குள்ளும் நாருக்கு இடையிலும் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. மார்கழியில் பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பதும் இதனால்தான். அதே மெத்தை நனைந்தால் என்ன சுகம்? காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

நனையாவிட்டாலும் நார் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் 100 கிலோ மஞ்சியிலேயே ஏறக்குறைய 10 கிலோ ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

பிறகு தண்ணீர் தெளித்தால் குளிர்வது ஏன்? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். கூரையில் ஆவியானால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கைக் கூரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நடக்கும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காற்று வீசும்போது தெளித்த தண்ணீர் காயாமல் கூரையிலேயே தங்கும், பூஞ்சணம்தான் மிச்சம்.

பணியில் சேர்ந்த புதிதில் நானே ஒருவருக்குத் தகரத்தின் அடியில் வைக்கோல் திணிக்கச் சொன்னேன். ஒழுகலில் நனைந்து நாற்றமெடுத்து, எலி குடியேறியது. அவர் இன்றும் சந்தையில் பார்த்தால் கேலி செய்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஷீட்டின் வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்; செலவு குறைவு, பலன் அதிகம். அதற்கு மேல் அரையடி இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, தென்னந்தடுக்கு வேயுங்கள். வெயில் தடுக்கில் விழும், இடைவெளியில் காற்று ஓடும். சித்திரையில் மட்டும் உச்சி வேளையில் லேசாகத் தெளிக்கலாம். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். மின்கம்பியும் அடுப்புப் புகைபோக்கியும் தடுக்குக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. பழைய ஷீட் மீது நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுங்கள்.

தொட்டியை நிழலுக்கு மாற்றி, எப்போதும் தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நார்த்தூள் ஆசையை விட வேண்டாம். மட்கவைத்துத் தென்னை வட்டப்பாத்தியில் போடுங்கள். ஈரம் பிடிக்கும் குணம் அங்கேதான் நமக்கு வேண்டும். மழைக்கு முன் கழற்றும் பழைய தடுக்கையும் அங்கேயே மூடாக்காகப் போடலாம்.