வெட்டினது போதும், வேரோட பிடுங்குங்க

எங்க ஊர் வாய்க்காலைத் தூர்வாரி மூணு மாசம் முழுசா ஆகலை. அதுக்குள்ள ஆள் உயரத்துக்கு நெய்வேலி காட்டாமணக்கு பூத்து நிக்குது. டவுன்ல இருந்து வந்த தம்பி ஒருத்தர் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, "பூ என்ன அழகுங்க ஐயா" என்றார். அழகுதான், யாரு இல்லேன்னா? வெளிர் ஊதாவுல புனல் மாதிரி பூ. அந்த அழகுக்காகத்தான் அமெரிக்கக் கண்டத்துச் செடியை இங்க தோட்டங்கள்ல வளர்த்தாங்க. இன்னிக்கு ஏரி, குளம், வாய்க்கால் எல்லாத்துக்கும் அதுவே பட்டா போட்டுக்கிச்சு.

பேருல ஆமணக்கு இருந்தாலும் இது ஆமணக்கு சாதி இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு குடும்பம். வள்ளிக்கொடியைக் கிள்ளி நட்டா வேர் விடுதுல்ல, அதே குணம். ஒரு சாண் தண்டு ஈரத்துல கிடந்தா போதும், முளைச்சிடும்.

என் சண்டை செடியோட இல்லை, தூர்வாருற லட்சணத்தோடதான். பொக்லைனை விட்டு மேலாக்க ஒடிச்சு, ஒடிச்சதைக் கரையிலயே போட்டுட்டுப் போயிடறாங்க. போட்டோ எடுத்தாச்சு, பில் போட்டாச்சு. தண்ணி வந்ததும் துண்டெல்லாம் மிதந்து போய் ஒவ்வொரு மதகுலயும் வேர் பிடிக்குது. இதுக்குப் பேரு தூர்வாருறதா? கரும்புக்கரணை நடுற மாதிரி காட்டாமணக்கு நடவுல்ல பண்றாங்க!

நட்டம் யாருக்கு? கடைமடைக்காரனுக்கு. நாத்து விடுற நேரத்துல தண்ணி எட்டாது. ஐப்பசி மழையில வடியாது, பயிர் முழுகும்.

"வேலிக்கு ஆகுமே"ன்னு சிலர் சொல்றாங்க. வேலிக்குக் கிளுவை இல்லையா? இதோட இலையில விஷம் இருக்கு. பசுமை இல்லாத காலத்துல மேஞ்சு பழகின ஆடு அதையே தேடிப் போகும். தலை ஆடும், கால் பின்னும், மெலிஞ்சே செத்துப்போகும்.

மேட்டூர் அணையை ஜூன் 12 திறக்கறது வழக்கம். அதுக்கு முன்னாடி, சித்திரை வெயில்ல வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும்போது வேரோட பிடுங்கணும். மேட்டுல பரப்பி, சருகாக் காயவச்சுக் கொளுத்தணும். தண்ணி வந்து ஒரு மாசம் கழிச்சு அதிகாரிங்க கரையில நடந்து பார்க்கட்டும். தளிர் இல்லேன்னா பில்லைக் கொடுங்க. இருந்தா, திரும்பப் பிடுங்கச் சொல்லுங்க.