பட்டா இல்லாதவரின் இழப்பு எந்தக் கணக்கில்?

நிலக்கரியா, அணுவா, சூரிய ஒளியா? மின்சாரம் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. எது அதிகம் புகை கக்கும், எது ஆபத்தானது, எது மலிவு என்று நிபுணர்கள் பேசுகிறார்கள். தேவையான பேச்சுதான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் வாழும் நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மின்சாரத்துக்காகத் தன் பிழைப்பை இழப்பவர் யார்? அவருடைய பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் சுமார் 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாநில சராசரியோ 20 சதவீதம்தான். நாட்டின் மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கும் தலித்துகள் கையில், மொத்த சாகுபடிப் பரப்பில் 9 சதவீதம்கூட இல்லை. விவசாயத்தை நம்பி வாழும் தலித்துகளில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். எரிசக்தித் திட்டங்களை எடைபோடும்போது இந்த உண்மையை ஒதுக்கிவிட முடியாது.

நெய்வேலி காட்டும் பாடம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கான அரசு நிறுவனம் 1956-ல் அமைக்கப்பட்டது. அங்கே நிலக்கரி திறந்தவெளிச் சுரங்கத்தில் எடுக்கப்படுகிறது. முதலில் மேல்மண் முழுவதையும் வாரிக் கொட்ட வேண்டும். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். எரித்த பிறகு சாம்பலும் கந்தகப் புகையும் மிஞ்சும். அனல் மின் நிலையப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் கடுமையான வரம்பு விதித்தது. அதற்கான காலக்கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டது. 2025 ஜூலையில், கந்தகத்தைப் பிரிக்கும் கருவி பொருத்துவதிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே தரப்பட்டது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு கால்வாய்ப் பணிக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அதன்பின் நடந்த பேச்சு முழுவதும் ஏக்கருக்கு எத்தனை லட்சம், நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை உண்டா என்பதைச் சுற்றியே இருந்தது. அந்த வயல்களில் நடவு நட்ட பெண்களைப் பற்றிய பேச்சு குறைவு.

ஒரு வயல் சுரங்கத்துக்குப் போனால் நடவு, களை, அறுப்பு என்று ஆண்டுதோறும் கிடைத்த கூலி போய்விடும். மாட்டுக்கு வரப்புப் புல், அடுப்புக்கு விறகு, குழம்புக்கு நண்டும் நத்தையும் கீரையும் போய்விடும். இவை எதுவும் பட்டாவில் எழுதப்படுவதில்லை. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு போதவில்லை என்ற குறை இருக்கலாம். கூலிக்காரரிடம் அப்படிக் குறை சொல்வதற்குக்கூட ஒரு தொகை வந்து சேர்வதில்லை.

சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் வேலை கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். 2020-ல் மே மாதத்திலும் ஜூலையிலும் அனல் மின் நிலையக் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அணு உலையின் ஆபத்து

அணு மின்சாரத்தில் கரும்புகை இல்லை. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் இயங்குகின்றன. மேலும் நான்கு கட்டப்பட்டுவருகின்றன. அங்கு மக்கள் எழுப்பிய கேள்விகள் இன்றும் பொருந்தும். கழிவை எங்கே வைப்பது? உலையிலிருந்து வெளியேறும் வெந்நீர் கடலில் கலந்தால் மீன்வளம் என்னவாகும்? விபத்து நடந்தால் எப்படி வெளியேறுவது?

ஜப்பானில் 2011-ல் புகுஷிமா விபத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற நேர்ந்தது. வசதி மிகுந்த அந்த நாட்டிலேயே இதுதான் நிலை. நம் ஊரில் கார் உள்ளவர் முதலில் கிளம்பிவிடுவார். வெளியூரில் சொந்த வீடோ உறவினரோ இருப்பவர் அங்கே தங்குவார். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, காலனியில் இருப்பவர் பேருந்துக்குக் காத்திருப்பார். விபத்து நடக்கும் வாய்ப்பு குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். நடந்தால் அடி எல்லோருக்கும் ஒரே அளவில் விழாது.

சூரிய ஒளியில் பிரச்சினை இல்லையா?

புகை, சாம்பல், கதிர்வீச்சு எதுவும் சூரிய மின்சாரத்தில் இல்லை. பூமி சூடாவதைத் தடுக்க அது தேவை. வறட்சியும் வெள்ளமும் வந்தால் முதலில் வேலை இழப்பதும் குடிசை இழப்பதும் நம் மக்கள்தான். ஆகவே நிலக்கரியிலிருந்து விலகுவது நமக்கும் அவசியம். ஆனால் மின்சாரம் மாறினாலும் நிலக்கணக்கு மாறவில்லை. பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டம் பாவகடாவில் ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா உள்ளது. 2018-ல் அது தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. அடிக்கடி மழை பொய்க்கும் வறண்ட பகுதி அது. நிலம் உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். உரிமையும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த நிலத்தில் நிலக்கடலை பறித்துக் கூலி வாங்கியவருக்குக் குத்தகைப் பணத்தில் பங்கில்லை. ஆடு மேய்த்தவருக்கு வேலி போட்டாயிற்று. தகடு துடைப்பது, புல் வெட்டுவது, காவல் காப்பது என்று ஒப்பந்த வேலை சிலருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் வெளியூர் போனார்கள்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் கீழ் சூரிய மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. அதனால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. தன் பாதிப்பைச் சொல்வதற்கு நிலமற்றவருக்கு இருந்த ஒரே மேடையும் அங்கு கிடையாது.

வீட்டுக் கூரை மேல் தகடு பொருத்த மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதற்குச் சொந்த வீடும் தாங்கும் கூரையும் வேண்டும். குடிசையில் இருப்பவரும், விரிசல் விட்ட தொகுப்பு வீட்டில் இருப்பவரும் அதை எப்படிப் பெறுவது?

சட்டத்தில் இடம் உண்டு

2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. அவர்களுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் கேட்கும் உரிமை உண்டு: திட்டத்தில் வேலை வாய்ப்பு இருந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய்.

இந்தக் குடும்பங்களைக் கண்டறிய வேண்டிய இடம் சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்துக்கு அந்த நடைமுறையிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கை 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. நெய்வேலிக்கு நிலம் எடுப்பது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான். மதிப்பீடு நடக்காவிட்டால், பட்டா இல்லாதவரைத் தேடிப் பட்டியலில் சேர்க்க அதிகாரிக்குக் கட்டாயம் இல்லை. நாமே போய்ப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

படித்த பிள்ளைகள் இதில் உதவலாம். திட்டம் வரும் என்ற பேச்சு எழுந்தவுடனேயே, யார் யார் எந்த வயலில் எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார்கள் என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். குடும்ப அட்டை, நூறு நாள் வேலை அட்டை, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை ஆகியவற்றின் நகலைச் சேர்த்து வையுங்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகலை வட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். திட்டத்துக்கு வரும் நிலத்தில் பஞ்சமி நிலம் உள்ளதா என்று கிராம ‘அ’ பதிவேட்டிலும் பழைய ஆவணங்களிலும் பாருங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. சூரிய மின் பூங்காவாக இருந்தாலும் குத்தகைத் தொகையோடு நிலமற்ற குடும்பங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். காலனி வீடுகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் அரசுச் செலவிலேயே தகடு பொருத்த வேண்டும். மின்சாரத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள், ஒற்றை விளக்கு எரியும் குடிசையில் வாழ்பவர்கள்தான். அந்த மின்சாரத்துக்காக வேலையை இழந்தவர்களும் அவர்களே என்றால், அந்த இழப்புக்கு ஈடு கேட்பது சலுகை அல்ல, உரிமை.